ஜெயரட்ணத்தார் தெரிந்தெடுத்த ரவை

கனடாவின் யூனியன்வில்லில் வீடு வாங்குவதென்றாலும் விற்பதென்றாலும் ஜெயரட்ணத்தாரைத்தான் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லித் திரிவார். அந்த ஒருவர் ஜெயரட்ணத்தார்தான். ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்து வாங்கில்களில் அவருடைய படம் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு சிரிக்கும்; சனம் அந்தச் சிரிப்பின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும். இந்த வருஷம் விஜயதசமிக்கு அந்த மனிதர் தன் வீட்டுக் கராஜில் மேசை போட்டு, அதன்மேல் மனைவியின் கூறைச்சேலையை விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு புதுத் துவக்கையும் ஒரு தட்டம் நிறைய ரவையும் வைத்துப் பூசை செய்தார்.

ரவை என்றால் உப்புமாவுக்குப் போடுகிறது அல்ல, துவக்குக்குள் போடுகிற துப்பாக்கிக் குண்டு. ஒவ்வொன்றும் அவருடைய நடுவிரல் நீளம். ஒவ்வொன்றின் வயிற்றிலும் தடிப்பாகச் சந்தனம் அப்பி, சந்தனத்துக்கு மேல் குங்குமமும் வைத்திருந்தார். ஆயுத பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகமும் தையல் மெசினும், மிஞ்சிப்போனால் காரின் திறப்புக் கொத்தும் வைக்கிற சனம் நாங்கள். ஜெயரட்ணத்தாருக்கு அது போதவில்லை. எலி வேட்டைக்குத் தவில் எதற்கு என்று கேட்க அந்தக் கராஜில் ஆள் இல்லை. தவிலும் ஸ்பீக்கரில் வாசித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் கராஜ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் துர்க்கா. ஜெயரட்ணத்தாரின் மனைவி புனிதவதியின் ஒரே தங்கச்சி. நகர பஸ் ஓட்டுகிறவள். வேலை முடிந்து அதே சீருடையோடு வந்திருந்தாள். ரொறன்ரோவின் அத்தனை விதமான விசரையும் கண்ணாடியில் பார்த்துப் பழகியவள் என்றபடியால் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நிற்க அவளுக்குத் தெரியும். ஆனால் துவக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தத் துவக்கு காவல் காக்கப் போவது அவளுடைய ஆடுகளை.

போர்ட் பெரிக்கு அப்பால் ஒரு பழைய பண்ணை. காணி ஜெயரட்ணத்தாரின் பெயரில், ஆடுகள் துர்க்காவினதும் எமில்டாவினதும். எமில்டா முன்பு சென் ஜேம்ஸ் ரவுணில் துர்க்காவுக்குப் பக்கத்துக் கதவு. இரண்டு பேரும் அகதியாக வந்து, ஒரே லிஃப்ற்றில் ஏறி இறங்கிச் சிநேகமானவர்கள். இப்போது எமில்டா பண்ணை வீட்டிலேயே குடியிருக்கிறாள். துர்க்கா பஸ் இல்லாத நாளெல்லாம் அங்கே ஓடிவிடுவாள். ஒரு கிடாயும் நாலைந்து மறிகளுமாகத் தொடங்கிய பட்டி அது. அதில் மூத்த மறி பவளம். சிவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. பவளம் எழுந்தால் பட்டி எழும், பவளம் படுத்தால் பட்டி படுக்கும். இப்போது சினை. வயிற்றில் இரண்டு குட்டி என்று மிருக வைத்தியர் ஸ்கான் பண்ணிச் சொல்லியிருந்தார்.

வசந்தத்தில் பிறந்த குட்டிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கொயோட்டி என்கிற காட்டு நாய் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, கள்ளத்தனத்தில் இரண்டுக்கும் அண்ணன். கடைசிக் குட்டியின் காதையும் கழுத்து மணியையும் வேலியடியில் பொறுக்கியெடுத்தபோது துர்க்கா அழவில்லை. திரும்பி வந்து துவக்கு வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். வேட்டை வகுப்புக்கும் போனாள். சோதனைகள் பாஸ் பண்ணினாள். ஒரு சின்னத் துவக்கு வாங்கினாள். பிறகு, புருஷன் தெரிகிறதற்குக்கூடச் செலவழிக்காத நேரத்தை ரவை தெரிகிறதற்குச் செலவழித்தாள்.

புருஷன் தெரிந்த கதை இங்கே வேண்டாம், அது முடிந்துபோன கதை. ரவையைச் சரியாகத் தெரிந்தாள். நுனியில் பிளாஸ்ரிக் வைத்த, மெல்லிய தோல் போர்த்த சின்ன ரவை. பாரம் குறைவு, வேகம் கூட. கொயோட்டிக்குள் போன உடனே உடைந்து தூளாகி, அங்கேயே முடிந்துவிடும். மறுபக்கத்தால் வெளியே வராது. அவளுக்கு வேண்டியது அதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் கொயோட்டி நின்றால், அந்தப் பக்கம் கொட்டில் இருக்கிறது, கொட்டிலுக்குள் பவளம் இருக்கிறது.

தீபம் காட்டி முடித்து, விபூதியும் கொடுத்து, ஜெயரட்ணத்தார் ஒரு ரவையைத் தூக்கிப் பிடித்தார். கராஜில் கூடியிருந்த ஆண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"த்ரீ ஹண்ட்ரட் மக்னம்" என்றார். "மூஸ் எண்ட அந்தப் பெரிய மானையே நிண்ட இடத்தில விழுத்தும். கடையில நான் கனக்கக் கேக்கேல்லை. உங்களிட்ட இருக்கிறதில ஆகப் பெரிசு எது எண்டு மட்டும் கேட்டனான்."

வீடு காட்டும்போதும் அவர் இப்படித்தான். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு குளியலறை காட்டுவார்; அவருடைய வீட்டிலும் ஆறுதான். ஆகப் பெரியதுதான் ஆக நல்லது என்பது அவருடைய சமயம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது மனைவிக்காக.

துர்க்கா மெதுவாகச் சொன்னாள்: "அத்தான், உது மூஸுக்கு. கொயோட்டி எங்கட ஊர் நாயளவுதான். உது அதுக்குள்ளால போய், வெளியால வந்து, அங்கால நிக்கிறதையும் அடிக்கும். அதோட, உந்தப் பக்கத்தில உவ்வளவு பெரிய துவக்கால கொயோட்டி சுடவும் விடமாட்டினம். வகுப்பில சொன்னவை."

"வகுப்பில!" என்று ஜெயரட்ணத்தார் சபையைப் பார்த்தார். சபை சிரித்தது. "அப்ப நீ என்ன வச்சிருக்கிறாய், காட்டு பாப்பம்."

அவள் ஃபோனில் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"உது ரவையே பிள்ளை? கச்சான் கொட்டை. உதை வறுத்து உப்புப் போட்டுத் தின்னலாம்."

சபை மறுபடியும் சிரித்தது. எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தவர் நவரட்ணம். வரிக் கணக்குப் பார்க்கிறவர். எண்பத்துமூன்று கலவரத்துக்கு முதலே கனடாவுக்கு வந்துவிட்டவர். யுத்தத்தைப் பற்றி நவரட்ணத்தாருக்குத் தெரிந்த அளவு யுத்தத்துக்குள் நின்றவனுக்குத் தெரியாது. ஒரு வெடிச்சத்தத்தையும் கிட்ட நின்று கேளாத மனிதர், எந்த ஊரில் எந்தச் சண்டையில் என்ன துவக்கு என்ன ரவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

"தங்கச்சி, நான் சொல்லுறன் கேளும்" என்றார் அவர். "அடிச்சா மறுபக்கத்தால போகவேணும். உள்ளுக்க நிக்கிறதெல்லாம் ஒரு அடியே? எங்கட பெடியள் உதைக் கேட்டாச் சிரிப்பாங்கள்."

எங்கட பெடியள் என்று அவர் சொன்ன போராளிகளின் வயதில் துர்க்கா பங்கருக்குள் இருந்தாள். ரவை சுவரைத் துளைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்தியையும் துளைத்ததைக் கண்ணால் கண்டவள். அதை இந்தக் கராஜில் சொல்ல அவளுக்கு மனமில்லை. சொன்னால் அதற்கும் நவரட்ணம் ஒரு ரவையின் பெயர் சொல்லுவார்.

உள்ளே குசினியில் புனிதவதி அவளைக் கையில் பிடித்தாள். வடைக்கு அரைத்த கை, எல்லாம் மா.

"எடி துர்க்கா, அத்தானை ஒருக்கா விடு. கொயோட்டி சுடப்போறனெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். வட்ஸ்அப்பில போட்டிட்டார். இனி இல்லையெண்டா அவர் எப்பிடித் தலை நிமிர்த்துறது?"

"தலை நிமிர்த்த என்ர ஆடே கிடைச்சுது?"

"காணி அவற்றையடி."

அதுதான் விஷயம். காணி அவருடையது. வாடகை என்று பெரிதாக ஒன்றும் வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக வாங்க வேண்டியதை இப்படி வாங்குவார். துர்க்காவுக்கு அத்தானை விடவும் மனமில்லை, அக்காவை அழவிடவும் மனமில்லை. பதினெட்டு வயதில் கனடாவுக்கு வந்திறங்கியபோது விமான நிலையத்தில் குளிர்ச்சட்டையோடு நின்றவள் இந்த அக்கா. அந்தச் சட்டைக்குள் புகுந்தவள் இன்னும் முழுக்க வெளியே வரவில்லை.

"சரி" என்றாள். "ஆனா நான் பக்கத்தில நிப்பன். நான் சுடச் சொல்லேக்கதான் சுடவேணும்."

"ஓம் ஓம், நான் சொல்லுறன் அவருக்கு" என்றாள் புனிதவதி. அவள் சொல்லியிருப்பாள். கெடுகுடி சொற்கேளாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை விடிகிற நேரம் பண்ணையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்துக் கிடந்தது. ஜெயரட்ணத்தார் தலை முதல் கால் வரை இலை போட்ட உடுப்பில் வந்திறங்கினார். தொப்பியில் விலைச்சீட்டு தொங்கியது. எமில்டா கோப்பியோடு வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணை, உதைப் போட்டுக்கொண்டு மரத்துக்குக் கிட்டப் போகாதேங்கோ. பேந்து உங்களைத் தேடி எடுக்கேலாது."

அவருக்கு அது பாராட்டாகக் கேட்டது. "அதுதான் எமில்டா இதின்ர விசேஷம்" என்றார்.

தீனிக் கொட்டகைக்குப் பின்னால் துர்க்காவும் அவரும் பதுங்கினார்கள். துர்க்கா தன் சின்னத் துவக்கையும் கொண்டுவந்திருந்தாள். கையை நீட்டிக் காட்டினாள்: இடப்பக்கம் வெட்டவெளி, அதற்கு அங்கால் மண்மேடு. கொயோட்டி அந்தப் பக்கம் வந்தால் மட்டும் சுடலாம். வலப்பக்கம் வேலி, வேலிக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டில். அந்தப் பக்கம் நின்றால் சுடக்கூடாது, எவ்வளவு வடிவாக நின்றாலும் சுடக்கூடாது.

"விளங்குதோ அத்தான்?"

"நான் சின்னப்பிள்ளையே?" என்றார் அவர். சின்னப்பிள்ளையாக இருந்திருந்தால் சொன்னதைக் கேட்டிருப்பார்.

கொயோட்டி வந்தது. ஒற்றையாக, அவசரமில்லாமல், வாடகை கட்டுகிற ஆள் மாதிரி வந்தது. வேலியடியில் மணந்து, நின்று, தலையைத் தூக்கியது. வலப்பக்கம். அதற்குப் பின்னால் கொட்டிலின் பலகை, பலகைக்கும் பலகைக்கும் இடையில் சிவலை நிறம் அசைந்தது.

"வேண்டாம்" என்று துர்க்கா மெல்லச் சொன்னாள். "இருங்கோ. அது திரும்பி வெளிக்கு வரும். இருங்கோ அத்தான்."

அவர் இருக்கவில்லை. இருந்தால் அவர் ஜெயரட்ணத்தார் இல்லை. வெடி கேட்டது. பண்ணை முழுவதும் அதிர்ந்து, மரங்களிலிருந்த காகமெல்லாம் எழும்பியது. துவக்கு அவருடைய தோளில் திருப்பி அடித்ததில் மனிதர் பின்னால் குந்திவிட்டார். ஆனால் கொயோட்டி விழுந்திருந்தது.

"விழுந்திட்டுது! பாத்தியே? நிண்ட இடத்தில!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். துவக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

வெடி கேட்டுக் கொட்டிலுக்கு ஓடிய எமில்டாவின் குரல் வந்தது. அது பேச்சில்லை, வெறும் குரல். துர்க்கா ஓடினாள். ரவை கொயோட்டிக்குள்ளால் போய், பலகைக்குள்ளால் போய், பவளத்தின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. பவளம் முன்காலில் எழும்பப் பார்த்தது. பின்னால் எழும்ப ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மற்ற ஆடுகள் பவளம் எழும்பட்டும் என்று மூலையில் காத்துக்கொண்டு நின்றன. எமில்டா வைத்தியருக்கு ஃபோன் அடித்தாள். அந்த விடியலில் ஒருவரும் எடுக்கவில்லை.

ஜெயரட்ணத்தார் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் ஒரு சாதாரண மனிதராக இருந்தார்.

"இன்னொரு வெடி வைக்கவேணும். கஷ்டப்படுது" என்றார். துவக்கின் போல்ற்றை இழுத்தார். வரவில்லை. திரும்பவும் இழுத்தார், காலால் மிதித்தும் பார்த்தார். வெடித்த ரவையின் வெறுங்கோது உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. தடிப்பாக அப்பிக் காயவிட்ட சந்தனம் வெடியின் சூட்டில் இறுகிப்போயிருந்தது. மூஸை விழுத்துகிற சாமானை ஒரு விரலளவு சந்தனம் பூட்டி வைத்துவிட்டது. விஜயதசமிக்குச் சரஸ்வதியைக் கும்பிடாமல் துவக்கைக் கும்பிட்டால் வேறென்ன நடக்கும்.

துர்க்கா தன் துவக்கை எடுத்தாள். பவளத்தின் தலைமாட்டில் முழங்காலில் நின்றாள். பவளம் அவளை அடையாளம் கண்டு, வழக்கம்போல அவளுடைய கையை மணந்து பார்த்தது. அந்தக் கச்சான் கொட்டை ஒன்றே போதுமாக இருந்தது. உள்ளே போனது, அங்கேயே நின்றது.

வயிறு கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. குட்டிகளுக்கு நாள் போதாது, எடுத்தாலும் தப்பாது என்று துர்க்காவுக்குத் தெரியும். வயிற்றின்மேல் கையை வைத்து, அசைவு நிற்கும்வரை அங்கேயே இருந்தாள். எமில்டா சிலுவைக் குறி போட்டாள். துர்க்காவுக்குப் போட ஒரு குறியும் வரவில்லை.

"புதைக்கவேணும்" என்றாள் கடைசியில். "வேலிக்கு அங்கால."

"நீ உதொண்டும் செய்யாதை பிள்ளை" என்றார் ஜெயரட்ணத்தார். குரலில் தேன். "செத்த மிருகம் எடுக்கிற இடம் இருக்குது, முறையாக் குடுக்கவேணும். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். நீ களைச்சுப்போனாய்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை துர்க்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரம் அவளுக்கு உடம்பில் பலமில்லை. தலையாட்டினாள். அவர் கொயோட்டியையும் பவளத்தையும் வாகனத்தின் பின்னால் ஒரே பிளாஸ்ரிக் விரிப்பில் கிடத்திக் கொண்டு போனார்.

பின்னேரம் வட்ஸ்அப்பில் படம் வந்தது. இலை உடுப்பு, துவக்கு, காலடியில் கொயோட்டி. கீழே ஆங்கிலத்தில் 'ஒரு வெடி, ஒரு பலி' என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். கணக்கில் அவர் எப்போதும் அப்படித்தான், தனக்கு வேண்டாததைச் சேர்க்கமாட்டார். கைகூப்பும் படங்களும் புலிப் படங்களும் வந்து குவிந்தன. நவரட்ணம், 'ரவைத் தெரிவு பிரமாதம்' என்று போட்டிருந்தார். துர்க்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த கிழமை விருந்து. துர்க்கா போவதாக இல்லை. புனிதவதி மூன்று தரம் ஃபோன் எடுத்தாள், மூன்றாம் தரம் குரல் வேறு மாதிரி இருந்தது. "வந்து தலையைக் காட்டிப்போட்டுப் போடி" என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் துர்க்கா வேலை முடிந்து நேரே போனாள்.

வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே நீண்ட மேசையில் ஆட்கள் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் பெரிய சட்டி, மிளகு போட்டுக் கறுப்பாக வற்ற வைத்த இறைச்சிக் கறி. வீடு முழுக்க கறுவாவும் ஏலமும் மணந்தது.

"வா பிள்ளை, வா!" என்றார் ஜெயரட்ணத்தார். "நல்ல நேரத்தில வந்தாய். மான் இறைச்சி!"

"ஆர் சுட்ட மான்?" என்று துர்க்கா கேட்டாள்.

"வேற ஆர்?" என்று நவரட்ணம் வாய் நிறையச் சொன்னார். "எங்கட வேட்டைக்காரன்தான். தங்கச்சி, மான் மான்தான். நார் பாரும், எவ்வளவு மெல்லிசு. காட்டில பச்சையிலை திண்டு வளர்ந்த மணம் இதில அப்பிடியே நிக்குது. ஆட்டிறைச்சி இதுக்குக் கிட்டவும் வராது."

அத்தான் அந்தப் பெரிய துவக்கால் வாழ்நாளில் வைத்தது ஒரேயொரு வெடி. அதற்குப் பக்கத்தில் நின்றவள் துர்க்கா. அவள் நேரே குசினிக்குள் போனாள். புனிதவதி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பு அணைந்திருந்தது. அணைந்த அடுப்பில் வெறுஞ்சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அது பவளமே?"

புனிதவதி திரும்பவில்லை. "வீணாப் போகக்கூடாதெண்டார். ஆடெண்டு சொன்னா எந்த ஆடு, எப்பிடிச் செத்ததெண்டு கேப்பினம் எண்டார்."

"வயித்தில இருந்தது?"

கரண்டி நின்றது.

"அக்கா, குட்டியள் எங்கை?"

"பச்சைத் தொட்டியில போட்டனான்" என்றாள் புனிதவதி. "பேப்பரில சுத்திப்போட்டுத்தான் போட்டனான். குப்பைக்காரன் கொண்டுபோட்டான்."

துர்க்காவுக்கு அக்காவை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கை எழுந்தது. வாழைப்பழத் தோலோடும் தேயிலைச் சக்கையோடும் இரண்டு குட்டிகள். சினை ஆட்டை வெட்டக்கூடாது, அதைத் தின்றால் பரம்பரைக்குப் பாவம் என்று அவளுக்குச் சொல்லித் தந்ததே இந்த அக்காதான். ஊரில் சினை ஆடென்று தெரிந்தால் எந்தக் கசாப்புக்காரனும் கயிற்றைத் தொடமாட்டான். இங்கே யூனியன்வில்லில் ஆறு குளியலறை வீட்டில் அதற்கு மான் என்று பெயர் வைத்து வாழையிலையில் பரிமாறுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். முழு ஆட்டையும் இரண்டு குட்டிகளையும் மறைக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

வெளியே ஜெயரட்ணத்தார் எழுந்து நின்று வேட்டைக் கதையின் உச்சக்கட்டத்துக்கு வந்திருந்தார்.

"எல்லாம் ரவையில இருக்குது. ஆக்கள் துவக்கைப் பாப்பினம். நான் ரவையைப் பாப்பன். சரியான ரவையைத் தெரிஞ்சா வேலை அரைவாசி முடிஞ்சுது. இந்தா, துர்க்கா சாட்சி. பக்கத்தில நிண்டவள். சொல்லு பிள்ளை, என்ர ரவை எப்பிடி?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சீருடையோடு மேசையின் தலைமாட்டில் அவள் நின்றாள். அவளுடைய குரல் அவளுக்கே ஆச்சரியமாக, நிதானமாக வந்தது.

"நல்ல ரவை அத்தான். நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். கொயோட்டிக்குள்ளால போச்சுது. கொட்டில் பலகைக்குள்ளால போச்சுது. பின்னுக்கு நிண்ட என்ர சினை ஆட்டுக்குள்ளால போச்சுது. இப்ப இவையின்ர இலையில வந்து நிக்குது." நவரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் தின்னுறது மானில்லை. வயித்தில ரண்டு குட்டியோட செத்த என்ர பவளம். மறுபக்கத்தால போகவேணுமெண்டு சொன்னீங்களெல்லே. போயிட்டுது."

நவரட்ணத்தின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவருடைய மனைவி இலையை மெதுவாகத் தள்ளினாள்.

ஜெயரட்ணத்தார் சிரித்தார். வாங்கிலில் சிரிக்கிற அதே சிரிப்பு. "பிள்ளைக்கு விசர். விடிய வெள்ளன எழும்பி பஸ் ஓடி ஓடி மூளை குழம்பிப்போச்சு. ஆட்டை நான் குடுக்கிற இடத்தில குடுத்திட்டன். இது மான். அசல் மான். புனிதம்! இங்க வந்து சொல்லு."

சனத்துக்கும் அதை நம்பத்தான் விருப்பம். வாயில் இருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறவனுக்கு மான் என்ற சொல் பெரிய ஆறுதல். எல்லாக் கண்ணும் குசினி வாசலுக்குப் போனது. இந்த மேசையில் ஜெயரட்ணத்தார் சொன்ன எத்தனையோ பொய்க்குத் தலையாட்டிய பெண் அங்கே நின்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து சபையில் அவரை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"ஆடுதான்" என்றாள் புனிதவதி. "சினை ஆடு. நான்தான் கழுவினனான். குட்டியளையும் நான்தான் எடுத்தனான்."

முதலில் எழும்பியது நவரட்ணத்தின் மனைவி. பிறகு கதிரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டின் ஆறு குளியலறையும் தேவைப்பட்டது, அதுவும் போதவில்லை. நவரட்ணம் விறைத்துப்போய் இருந்தார். எந்தச் சண்டையின் எந்த ரவையும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"சலாட் இருக்குது" என்றார் ஜெயரட்ணத்தார். "சலாட் சாப்பிடுங்கோவன். இருங்கோ, ஏன் எழும்புறியள்?"

ஒருவரும் இருக்கவில்லை.

துர்க்கா வாசலில் சப்பாத்துக் குவியலுக்குள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி குனிந்து தேடுவது தெரிந்தது. புனிதவதி. தோளில் குளிர்ச்சட்டை, காலில் இன்னும் வீட்டுச் செருப்பு.

"உன்ர காரில இடமிருக்கோடி?" என்று கேட்டாள்.

துர்க்கா தன் சப்பாத்தைக் கண்டெடுத்துக் காலை நுழைத்தாள். பேப்பரில் சுற்றிய இரண்டும் கண்ணுக்குள் நின்றன. அக்காவை அவள் மன்னிக்கவில்லை, எப்போது மன்னிப்பாள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஜெயரட்ணத்தார் "புனிதம், புனிதம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்குது" என்றாள் துர்க்கா. "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வா. வெளியில குளிர்."